பத்மராகம்: ஒரு நிறத்தின் விலையும் மெய்யும்

2001-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தாய்லாந்து ரத்தினச் சந்தைக்குள் ஒரு கல் வெள்ளமாக வந்து இறங்கியது. இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றோடொன்று கலந்த சஃபயர் கற்கள். ஆயிரக்கணக்கான கற்களைப் புரட்டினால் ஒன்று கிடைக்கும் என்று மூத்த வியாபாரிகள் சொல்லி வந்த நிறம் அது. அதுவோ இப்போது பொட்டலம் பொட்டலமாக, கேட்ட அளவில், கேட்ட எண்ணிக்கையில் கிடைத்தது. 'வழக்கமான சூடுதான் காட்டியிருக்கிறோம்' என்று விற்றவர்கள் சொன்னார்கள். வாங்கியவர்களும் நம்பினார்கள். இந்தக் கல்லின் மீது தனிப் பிரியம் வைத்திருந்த ஜப்பான் சந்தைக்கு ஏராளமான கற்கள் போய்ச் சேர்ந்தன.

2002 ஜனவரியில் அமெரிக்க ரத்தின வணிகர் சங்கம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இந்தக் கற்களின் நிறம் ஐயத்துக்குரியது, வாங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆய்வாளர்கள் சில கற்களை ஒளிவிலகல் மிகுந்த திரவத்தில் அமிழ்த்திப் பார்த்தபோது உண்மை கண்ணுக்கே தெரிந்தது. கல்லின் உட்பகுதி இளஞ்சிவப்பு. அதைச் சுற்றி, பட்டை தீட்டிய வடிவத்தை அப்படியே பின்பற்றி, ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஓரம். மண்ணுக்குள் வளர்ந்த கல்லில் நிறம் அப்படிப் படியாது. பட்டை தீட்டிய பிறகு வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறது. அந்த 'ஏதோ ஒன்று' பெரிலியம்.

ஒரு கல்லின் பெயரும் நிறமும் விலையும் எவ்வளவு மெல்லிய நம்பிக்கையின் மீது நிற்கின்றன என்பதை உலகம் அன்று பார்த்தது. அந்தக் கல்தான் பத்மராகம். உலகச் சந்தையில் பத்பரட்சா என்ற பெயரில் விற்கப்படும் இதன் தாயகம் நமக்கு அடுத்த கரையிலுள்ள இலங்கை.

எது பத்மராகம்?

நவரத்தினங்களில் மாணிக்கம், நீலம், இன்று கனக புஷ்பராகம் என்று விற்கப்படும் மஞ்சள் கல் ஆகிய மூன்றும் ஒரே கனிமம். மூன்றும் குருந்தம்; அதாவது அலுமினியம் ஆக்சைடின் படிகம். தூய குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அதில் மிகச் சிறிய அளவில் குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து கலந்தால் நீலம். சிவப்பு அழுத்தமாக இருந்தால் மாணிக்கம் என்கிறோம். மற்ற எல்லா நிறங்களும் வணிகத்தில் சஃபயர் என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன.

பத்மராகம் இந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளை. குரோமியம் சற்றே கலந்து கல்லுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. அதே கல்லில், படிகத்தின் அணு அடுக்கிலுள்ள சில குறைகளால் உண்டாகும் நிற மையங்கள் மஞ்சளைத் தருகின்றன. சில கற்களில் இரும்பும் இந்த மஞ்சளுக்குக் கை கொடுக்கிறது. இளஞ்சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து ஆரஞ்சு சாயலுள்ள இளஞ்சிவப்பாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பெயர் மாறிவிடும். மஞ்சள் குறைந்தால் அது வெறும் இளஞ்சிவப்பு சஃபயர்; இளஞ்சிவப்பு குறைந்தால் ஆரஞ்சு சஃபயர். எடையும் தெளிவும் ஒன்றாகவே இருந்தாலும் பெயர் மாறியதும் விலை பல மடங்கு இறங்கிவிடும்.

நம் பழைய நூல்களில் பத்மராகம், பதுமராகம் என்று வருவது பெரும்பாலும் சிவந்த மாணிக்கம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடை வீதியை வருணிக்கும் இடத்தில் பதுமம் மாணிக்கத்தின் ஒரு சாதியாகவே சொல்லப்படுகிறது. இலங்கையில் அதே பெயர் தாமரை நிறமுள்ள இந்த மென்மையான கல்லுக்கு நிலைத்துவிட்டது. ஆகவே பழைய ஜாதக நூல் ஒன்றில் பத்மராகம் அணியச் சொல்லியிருக்கிறது என்று யாராவது சொல்லி இந்தக் கல்லை விற்க வந்தால், அங்கே சொல்லப்பட்டது எந்தக் கல் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லை எங்கே என்பதில் நீண்ட காலம் வழக்கு இருந்தது. இலங்கைக் கல்லுக்கு மட்டுமே இந்தப் பெயர் பொருந்தும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. அமெரிக்க ரத்தினவியல் அறிஞர் ராபர்ட் கிரவுனிங்ஷீல்ட் 1983-இல் எழுதிய கட்டுரையில், ஊரை வைத்துப் பெயர் சூட்டுவதை விட நிறத்தை வைத்துச் சூட்டுவதே முறை என்றார். பின்னர் உலகின் முன்னணி ஆய்வகங்கள் ஒரு குழுவாகக் கூடி ஒரு பொது வரையறையை வகுத்தன. அதன்படி கல் எந்த நாட்டில் கிடைத்தாலும் சரி. பகல் வெளிச்சத்தில் பார்க்கும்போது இளஞ்சிவப்பு சாயலுள்ள ஆரஞ்சு முதல் ஆரஞ்சு சாயலுள்ள இளஞ்சிவப்பு வரை, மென்மையான, அடர்த்தி குறைந்த அல்லது நடுத்தரமான நிறம் இருக்க வேண்டும். பழுப்பு போன்ற மூன்றாவது சாயல் கூடாது. முகப்பைப் பார்க்கும்போது நிறம் வெறும் கண்ணுக்குத் திட்டுத்திட்டாகத் தெரியக் கூடாது. விரிசலில் படிந்த மஞ்சள் அழுக்கு நிறத்தைக் கூட்டியிருக்கக் கூடாது. பெரிலியம் ஏற்றிய கல், சாயம் ஏற்றிய கல், மேற்பூச்சு பூசிய கல், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய கல் எதுவும் இந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது.

வரையறை இருந்தும் எல்லைக் கோட்டின் மீது நிற்கும் கற்கள் உண்டு. ஓர் ஆய்வகம் பத்மராகம் என்று எழுதிக் கொடுத்த கல்லை இன்னோர் ஆய்வகம் இளஞ்சிவப்பு சஃபயர் என்று திருப்பி அனுப்புவது இந்தத் தொழிலில் நடக்கிற சங்கதிதான். நிறத்தைப் படிப்பவர் கடைசியில் மனிதர். அதனால்தான் ஒப்பீட்டுக்கு ஒவ்வொரு ஆய்வகமும் ஒரு மாதிரிக் கல் வரிசையை வைத்துக்கொள்கிறது.

மண்ணுக்குள் 55 கோடி ஆண்டுகள்

இன்றைய இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் கோண்ட்வானா என்ற பெருநிலத்தில் ஒட்டிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தட்டுகள் மோதிய அழுத்தத்திலும் வெப்பத்திலும் அந்தப் பகுதியின் பாறைகள் உருமாறின. சிலிக்கா குறைவாகவும் அலுமினியம் மிகுதியாகவும் இருந்த இடங்களில் குருந்தம் படிகமானது. அதனால்தான் பத்மராக நிறக் கற்கள் இலங்கையில் கிடைப்பதைப் போலவே மடகாஸ்கரிலும் தான்சானியாவிலும் கிடைக்கின்றன. இவை கடல் பிரித்த ஒரே பாறைத் தொடரின் துண்டுகள்.

இலங்கையில் குருந்தத்தைப் பாறையிலிருந்து உடைத்து எடுப்பது அரிது. மலை கோடி ஆண்டுகளாகக் கரைந்து, ஆறு அடித்துக்கொண்டு வந்து, பழைய ஆற்றுப் படுகையில் சேர்த்து வைத்த சரளைப் படைக்குள்தான் கல் கிடக்கிறது. அந்தப் படையைச் சிங்களத்தில் 'இல்லம' என்பார்கள். இரத்தினபுரி, பலாங்கொடை, எலஹெர, ஒக்கம்பிட்டிய ஆகிய பகுதிகள் இதற்குப் பேர் போனவை. சில இடங்களில் இந்தப் படை பத்தடி ஆழத்தில் அகப்படும். சில இடங்களில் ஐம்பது அடிக்குக் கீழே போனாலும் அகப்படாது.

வயலின் நடுவே தோண்டப்படும் குழி ஒன்றைப் பார்த்தால் அந்த உழைப்பு புரியும். சதுரமாக இறங்கும் குழியின் நான்கு சுவர்களிலும் மரக்கட்டைகளைச் சட்டமாக அடுக்குகிறார்கள். கட்டைக்கும் மண்ணுக்கும் இடையே காட்டுப் பெரணியைத் திணிக்கிறார்கள். தண்ணீர் கசிந்தாலும் மண் சரிந்து விழாமல் அது தாங்கும். மேலே பம்பு ஓயாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கும். சரளைப் படை தட்டுப்பட்டதும் அதை வாளி வாளியாக மேலே ஏற்றிக் குவிக்கிறார்கள். பிறகு அகன்ற மூங்கில் கூடையில் அள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சுழற்றிச் சுழற்றி அலசுகிறார்கள். களிமண் கரைந்து ஓடும். இலேசான கல் ஓரத்துக்குப் போகும். குருந்தத்தின் ஒப்படர்த்தி 4. சாதாரண மணலை விட அது கனம், ஆகவே கூடையின் அடியில் தங்கும். கடைசிச் சுழற்சிக்குப் பிறகு கூடையைச் சாய்த்து வெயிலில் காட்டி, விரலால் மெல்லத் தள்ளிப் பார்ப்பதற்கென்று அனுபவசாலி ஒருவர் இருப்பார். நூறு கூடை அலசியும் விற்கத் தக்க கல் ஒன்றும் இல்லாமல் போகும் நாட்களே அதிகம்.

கனரக இயந்திரம் வைத்து மலையைக் குடையும் சுரங்கங்களோடு ஒப்பிட்டால் இது நிலத்துக்குக் குறைந்த கேடு செய்யும் முறை. குழி தோண்ட தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் உரிமம் வேண்டும். வேலை முடிந்ததும் குழியை மூடுவதற்கு உத்தரவாதமாக முன்பணமும் கட்ட வேண்டும். ஆனாலும் சரிவும் வெள்ளமும் மூச்சுத் திணறலும் குழிக்குள் இறங்குபவரின் அன்றாட ஆபத்துகள்.

சீனன்கோட்டையின் பகல் வெளிச்சம்

குழியிலிருந்து வந்த கல் பல கைகள் மாறிப் பேருவளைக்கு வருகிறது. கொழும்புக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் இந்த ஊரின் சீனன்கோட்டைப் பகுதி உலகமறிந்த ரத்தினச் சந்தை. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக இந்தத் தொழிலைக் காத்து வருகின்றன. சிறிய மேசைகள், வெள்ளைத் தாள், காகிதப் பொட்டலங்கள், சட்டைப் பையில் கைவிளக்கு. பார்வைக்கு எளிய சந்தை. பாங்காக், ஹாங்காங், ஜெய்ப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வருபவர்கள் அந்த மேசைகளுக்கு முன்னால்தான் உட்காருகிறார்கள்.

பத்மராகத்தை அங்கே பார்க்கும் முறையே ஒரு கல்வி. கல்லைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள இடுக்கில், முகப்பு மேலாக வைப்பார்கள். பிறகு மின்விளக்கை விட்டு விலகி, நேர் வெயில் படாத திறந்த வெளிச்சத்துக்கு நகர்வார்கள். மஞ்சள் பல்பின் கீழ் இந்தக் கல் இருப்பதை விட அதிக ஆரஞ்சாகத் தெரியும்; குளிர்ந்த வெண்குழல் விளக்கில் அதிக இளஞ்சிவப்பாகத் தெரியும். எந்த விளக்கின் கீழ் காட்டுகிறார்கள் என்பதே பாதி பேரம். பகல் வெளிச்சத்தில் நிறத்தைப் படித்த பிறகுதான் கைவிளக்கைப் பின்னாலிருந்து அடித்து உள்ளே பார்ப்பார்கள். நுண்ணிய ஊசிகளாகப் படர்ந்த பட்டிழை உண்டா, கைரேகை போன்ற திரவத் தடம் உண்டா, விரிசல் எது வரை போகிறது என்று தேடுவார்கள். அதன்பின் ஒரே கேள்வி: சூடு காட்டினதா, காட்டாததா?

பட்டை தீட்டுவதிலும் கணக்கு உண்டு. குருந்தம் ஒரு திசையில் ஒரு நிறமும் வேறொரு திசையில் மற்றொரு நிறமும் காட்டும். பத்மராகத்தில் ஒரு பக்கம் ஆரஞ்சும் மஞ்சளும் மேலோங்கும், மறுபக்கம் இளஞ்சிவப்பு மேலோங்கும். இரண்டும் முகப்பில் சேர்ந்து தெரியும்படி கல்லை எந்தக் கோணத்தில் வைத்துத் தீட்டுவது என்பதில்தான் தீட்டுபவரின் கண் இருக்கிறது. எடையைக் காக்க அடிப்பக்கத்தைக் கனமாக விட்டுவிட்டால் ஒளி உள்ளே சென்று திரும்பாமல் கசிந்துவிடும். எடையை விட்டுக்கொடுத்துச் சரியான கோணத்தில் தீட்டினால் கல் பேசும். ஐந்து காரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம். நல்ல பத்மராகங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று காரட்டுக்குள் அடங்கிவிடுவதால் ஒவ்வொரு துளி எடையையும் இழக்கத் தீட்டுபவர் தயங்குவது இயல்பு. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் இலங்கைப் பத்மராகம் 100 காரட் எடையுள்ளது என்பதன் அருமை இதைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

1998-இல் மடகாஸ்கரின் இலகாகாவில் சஃபயர் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கே முதலில் போய்க் கடை விரித்தவர்களில் இலங்கை வியாபாரிகளும் தாய்லாந்து வியாபாரிகளும் இருந்தார்கள். இளஞ்சிவப்புக் கற்கள் அங்கே ஏராளம். பெரிலியம் கதைக்கு மூலப்பொருள் கொடுத்ததும் பெரும்பாலும் அந்த மண்தான். 2018 ஜனவரியில் பிரிட்டன் இளவரசி யூஜினியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் பத்மராகம் மின்னியது. அதுவரை ரத்தினத் தொழிலுக்குள் மட்டும் புழங்கிய பெயர் பொதுமக்கள் வாயில் விழுந்தது. தேவை கூடியதும் ஐயத்துக்குரிய கற்களும் கூடின.

உலைக்குள் நடப்பது

சூடு காட்டுவது குற்றமல்ல. இலங்கையில் ஊதுகுழலும் கரி நெருப்பும் கொண்டு கல்லின் நீலச் சாயலைப் போக்கும் கைத்தொழில் பழங்காலத்திலிருந்தே உண்டு. பால் போல் மங்கிக் கிடந்த 'கெவுட' கற்களை 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிக்கொண்டு போய், உயர் வெப்ப உலையில் இட்டு நல்ல நீலமாக மாற்றினார்கள். இன்று சந்தையிலுள்ள சஃபயர்களில் பெரும்பகுதி சூடு கண்டவைதான். கல்லில் ஏற்கெனவே இருப்பதைத்தான் வெப்பம் வெளிக்கொண்டு வருகிறது. அதைச் சொல்லி விற்றால் வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார்.

பெரிலியம் வேறு கதை. தாய்லாந்தின் சந்தபுரி உலைகளில் சஃபயரோடு கிரைசோபெரில் என்ற கனிமத்தின் துண்டுகளையும் சேர்த்து, சுமார் 1,800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தார்கள். கிரைசோபெரிலில் பெரிலியம் இருக்கிறது. அதன் அணு மிகச் சிறியது என்பதால் கெட்டியான குருந்தத்துக்குள்ளும் ஊடுருவும். பத்து லட்சத்தில் சில பங்கு நுழைந்தால் போதும், மஞ்சள் நிற மையங்கள் உருவாகிவிடும். சாதாரண இளஞ்சிவப்புக் கல் 'பத்மராகம்' ஆகிவிடும். ஆரம்பத்தில் ஓரத்தில் மட்டும் நின்ற ஆரஞ்சு, உலையில் அதிக நேரம் வைத்தால் கல் முழுக்கப் பரவியது. அப்போது திரவத்தில் அமிழ்த்தினாலும் தெரியாது. லேசர் கதிரால் கண்ணுக்குத் தெரியாத அளவு துகளை ஆவியாக்கி, அதிலுள்ள தனிமங்களை எடை பிரித்துக் காட்டும் கருவி வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் விலையுள்ள அத்தகைய கருவிகளை ஆய்வகங்கள் வாங்க நேர்ந்ததற்கு இந்த ஒரு மோசடி முக்கியக் காரணம்.

பெரிலியம் ஏற்றிய கல்லும் குருந்தம்தான். அதன் நிறம் வெளுக்காது, கடினத்தன்மையும் குறையாது. 'பெரிலியம் ஏற்றியது' என்று எழுதி அதற்குரிய சிறு விலைக்கு விற்றால் அதில் யாருக்கும் நட்டமில்லை. எழுதாமல் இயற்கைக் கல்லின் விலைக்கு விற்றதால்தான் அது திருட்டானது. பேரிழப்பு நேர்ந்தது பொய் சொன்னவர்களுக்கு மட்டுமல்ல. உண்மையான பத்மராகம் வைத்திருந்த இலங்கை வியாபாரியும் சில காலம் அதை விற்க முடியாமல் திண்டாடினார். ஐயம் புகுந்த சந்தையில் நல்ல கல்லும் தள்ளுபடிக் கல்லாகிவிடும்.

வெளிச்சத்தில் வெளுக்கும் நிறம்

யாரும் ஏமாற்றாமலே ஏமாறும் வழியும் ஒன்று இருக்கிறது. மஞ்சள் நிற மையங்களில் நிலையானவையும் உண்டு, நிலையற்றவையும் உண்டு. நிலையற்ற மையம் உள்ள கல் மண்ணிலிருந்து எடுத்ததும், இருட்டுப் பெட்டியிலிருந்து திறந்ததும் அழகான பத்மராகமாக இருக்கும். விரலில் போட்டு வெளிச்சத்தில் நடமாடினால் மஞ்சள் மெல்ல வடிந்து வெறும் இளஞ்சிவப்பு மிஞ்சும். புற ஊதாக் கதிரைக் காட்டினால் மஞ்சள் திரும்பி வரும். மறுபடியும் வெளிச்சத்தில் போய்விடும்.

2016-இன் இறுதியில் மடகாஸ்கரின் அம்பாட்டோண்ட்ராசாகா அருகேயுள்ள பெமைந்தியில் புதிய சஃபயர் வயல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து வந்த பத்மராக நிறக் கற்கள் சில இப்படி வெளுப்பதைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள எஸ்.எஸ்.இ.எஃப் ஆய்வகம் கண்டு எச்சரித்தது. கல்லை முதலில் புற ஊதாக் கதிரில் வைத்து அதன் முழு நிறத்தையும் வரவழைத்து, பிறகு பல மணி நேரம் வலுவான ஒளியில் வைத்து எஞ்சும் நிறத்தைப் பார்ப்பதுதான் நிலைத்தன்மைச் சோதனை. எஞ்சிய நிறம் பத்மராக எல்லைக்குள் இருந்தால்தான் அந்தப் பெயர். முன்னணி ஆய்வகங்கள் இன்று இதைச் செய்துதான் சான்றிதழ் தருகின்றன. கதிர்வீச்சு பாய்ச்சி வெளிறிய இளஞ்சிவப்புக் கல்லுக்குத் தற்காலிக ஆரஞ்சு ஏற்றும் தந்திரத்தையும் இதே சோதனை பிடித்துவிடுகிறது.

ஆகவே பழைய சான்றிதழை வைத்துக் கல்லை வாங்குவது ஆபத்து. நிலைத்தன்மைச் சோதனை பரவலாவதற்கு முன் கொடுத்த தாள், கல் அன்று எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும்.

கைக்கு வந்த பிறகு

பராமரிப்பில் பத்மராகம் தொல்லை கொடுக்காத கல். மோஸ் அளவையில் கடினத்தன்மை 9. வைரத்துக்கு அடுத்த நிலை. பிளவுத்தளம் இல்லாததால் சிறு அடிக்குச் சட்டென்று பிளக்காது. தினமும் அணியும் மோதிரத்துக்கும் ஏற்றது. மிதமான வெந்நீரில் சில துளி மென்மையான சோப்பு விட்டு, மெல்லிய தூரிகையால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேய்த்து, துணியில் ஒற்றி எடுத்தால் போதும். சமையலறை எண்ணெயும் கை கிரீமும் அடிப்பக்கத்தில் படிந்தால் கல்லின் ஒளி செத்துவிடும். 'கல் மங்கிவிட்டது' என்று வருபவர்களின் குறை பெரும்பாலும் இந்த அழுக்குதான்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. வைர நகையோடு ஒரே பெட்டியில் போட்டால் வைரம் இதைக் கீறும். முத்தோடும் மரகதத்தோடும் போட்டால் இது அவற்றைக் கீறும். தனித்தனித் துணிப்பையே நல்லது. விரிசலில் எண்ணெய் அல்லது கண்ணாடி நிரப்பிய கல் என்றால் அதிர்வலைக் கருவியில் கழுவக் கூடாது. பத்தரிடம் மோதிரத்தைப் பெரிதாக்கவோ பற்றவைக்கவோ கொடுக்கும்போது கல்லைக் கழற்றிவிட்டு ஊதச் சொல்ல வேண்டும். பற்றவைக்கப் பயன்படும் வெண்காரம் சூட்டில் குருந்தத்தின் மேற்பரப்பை அரித்துவிடும். கடும் சூடு நிறத்தையும் மாற்றலாம்; அதோடு 'சூடு காட்டாத கல்' என்ற தகுதியும் போய்விடும். இந்த ஒரு கவனக்குறைவால் கல்லின் விலையில் பெரும்பகுதி நொடியில் கரைந்துவிடும்.

பின்பக்கம் மூடி, அடியில் தகடு வைத்துப் பதிக்கும் பழைய பாணி இந்தக் கல்லுக்கு ஏற்றதல்ல. தகட்டின் நிறம் கல்லின் நிறத்தோடு கலந்துவிடும். எது கல்லின் நிறம், எது தகட்டின் நிறம் என்று எவராலும் சொல்ல முடியாது. தகடு வைத்த நகையில் கல் வாங்குகிறோம் என்றால் கழற்றிப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

சான்றிதழ் எந்த ஆய்வகத்துடையது, எந்தத் தேதியிட்டது? அதில் பத்பரட்சா என்ற பெயர் அச்சில் இருக்கிறதா, அல்லது இளஞ்சிவப்பு சஃபயர் என்று மட்டும் இருக்கிறதா?

சூடு பற்றி என்ன எழுதியிருக்கிறது? 'வெப்பத்தின் அடையாளம் இல்லை' என்பதற்கும், வெப்பம் பற்றி ஒன்றுமே சொல்லாததற்கும் பெருத்த வேறுபாடு உண்டு.

பெரிலியத்துக்கும் நிற நிலைத்தன்மைக்கும் சோதனை செய்யப்பட்டதா?

பிறந்த நாடு எது? இலங்கைக் கல்லுக்குக் கூடுதல் விலை உண்டு. நிறம் ஒன்றாக இருக்கும்போது ஊருக்காக எவ்வளவு கூடக் கொடுப்பது என்பது அவரவர் முடிவு.

ஜன்னலோர வெளிச்சத்தில் பார்த்தீர்களா? கடை விளக்கை அணைத்துவிட்டு வாசலுக்குக் கொண்டுவந்து காட்ட மறுக்கும் வியாபாரியிடம் இந்தக் கல்லை வாங்காதீர்கள்.

டூர்மலின், மார்கனைட், செயற்கைக் குருந்தம், ஸ்பினல் ஆகியவையும் இதே நிறத்தில் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அழகு உண்டு, அதனதன் விலை உண்டு. அவற்றை அவற்றின் பெயரிலேயே வாங்குவதில் தவறில்லை. பத்மராகத்தின் பெயரில் வாங்குவதுதான் தவறு.

பங்கு யாருக்கு?

இலங்கைக் குழிகளில் கூலிக்கு வேலை செய்வதை விடப் பங்குக்கு வேலை செய்வதே மரபு. நிலத்தின் சொந்தக்காரர், உரிமம் எடுத்தவர், பம்பு கொடுத்தவர், குழிக்குள் இறங்கியவர்கள் என்று கல் விற்ற பணம் பிரியும். வேலைக்காலத்தில் சாப்பாடும் சிறு செலவுக்குப் பணமும் கிடைக்கும். பெரிய கல் ஒன்று கிடைத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே மாறும். கிடைக்காத ஆண்டுகள் கடனில் போகும்.

இந்தப் பங்கு முறை நியாயமாக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. குழி விளிம்பில் கல்லை விற்பவருக்கு அது என்ன கல் என்று தெரிந்திருக்க வேண்டும். நீலமும் மாணிக்கமும் எல்லாருக்கும் தெரியும். பத்மராகத்தின் நிறத்தையும் அதன் சந்தை விலையையும் அறிந்திராத தொழிலாளி, அதை இளஞ்சிவப்புக் கல்லின் விலைக்குக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். சான்றிதழ் இன்று சங்கிலியின் கடைசிக் கண்ணியில், கடைக்காரரின் கையில்தான் பிறக்கிறது. அது முதல் கண்ணிக்கு அருகே வர வேண்டும். சுரங்க ஊர்களிலேயே மலிவான, நம்பகமான ஆய்வு வசதி வந்தால் அதனால் கிடைக்கும் பணம் தண்ணீரில் நின்று கூடையைச் சுழற்றியவருக்கும் போய்ச் சேரும்.

சிலப்பதிகாரத்தின் மணிக்கடை வீதியில் வயிரத்துக்கு வரக்கூடிய குற்றங்கள் பெயர் சொல்லிக் கணக்கிடப்படுகின்றன. அவை இல்லாத கல் என்பதே அந்தக் கடையின் பெருமை. குறையைப் பெயர் சொல்லிப் பேசுவதுதான் ரத்தின வணிகத்தின் மூத்த ஒழுக்கம். இன்றைய குறைகளுக்கு வேறு பெயர்கள்: பெரிலியம், கதிர்வீச்சு, நிலையற்ற நிறம். விற்பவர் அவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். நகைக்கடையில் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தங்கத்துக்கு ஹால்மார்க் கேட்கப் பழகிவிட்டோம். கல்லுக்கும் அதே உறுதியோடு கேட்கத் தொடங்கினால் கடைகளும் பழகிக்கொள்ளும்.

பத்மராகத்தின் விலை அதன் நிறத்தில் இருக்கிறது. அந்த நிறம் இயற்கை தந்ததா, உலை தந்ததா, சில மாதங்களில் போய்விடுமா என்பதை வாங்குபவரின் வெறும் கண் அறியாது. அவர் நம்புவது ஒரு மனிதரின் சொல்லையும் ஒரு தாளையும்தான். அந்தச் சொல்லும் தாளும் மெய்யாக இருக்கும் வரை இரத்தினபுரிக் குழிக்கும் பேருவளை மேசைக்கும் வேலை இருக்கும். ஆகவே கல்லைக் கேட்கும்போதே அதன் கதையையும் சேர்த்துக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.